சாயம் போனபின் எஞ்சும் உப்பு

திருப்பூரின் சாயப்பட்டறைகளைப் பற்றிப் பேச்சு எழும்போது, நொய்யலில் ஒரு காலத்தில் சிவப்பாகவும் நீலமாகவும் ஓடிய தண்ணீரே பலருடைய நினைவுக்கு வருகிறது. ஆயினும் அந்த ஆற்றையும் அதன் கரையோரக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்ததில், நிறத்தைவிடப் பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்திருந்த உப்புக்கு உண்டு. நிறத்தைச் சுண்ணாம்பு இட்டும், நுண்ணுயிர்களைக் கொண்டும், குளோரின் கலந்தும் பெருமளவு போக்கிவிடலாம்; கரைந்த உப்பு இவற்றில் எதற்கும் மசியாது. பெரிய அளவில் உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதற்குச் சாயத்தொழில் நம்பியிருப்பவை இரண்டு வழிகளே: தண்ணீரை ஆவியாக்கி உப்பைத் தங்கவிடுவது ஒன்று, தண்ணீரை மட்டும் கடத்தி உப்பைத் தடுத்து நிறுத்தும் மெல்லிய சவ்வின் வழியே அழுத்தம் கொடுத்துச் செலுத்துவது மற்றொன்று. திருப்பூரில் இன்று இவ்விரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. சவ்வு மட்டும் போதும் என்று நம்பியிருந்த காலம் ஒன்று அங்கே இருந்தது. அதன் விலையை ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்களும், பின்னர் சாயத்தொழிலும், அதை நம்பியிருந்த தொழிலாளர்களும் கொடுத்தார்கள்.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது என்பது, பருத்தித் துணியில் சாயம் ஏறும் விதத்தை அறிந்தால்தான் விளங்கும். பனியன் துணிக்கு இன்று பெரும்பாலும் ஏற்றப்படுவது ரியாக்டிவ் சாயம் எனப்படும் வினைச்சாயம். 1956-இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகைச் சாயம், இழையின் மேல் படிவதோடு நில்லாமல் அதன் செல்லுலோஸ் மூலக்கூறுடன் வேதிப்பிணைப்பே கொண்டுவிடுவதால், பலமுறை துவைத்தாலும் எளிதில் வெளுப்பதில்லை. ஆனால் தண்ணீரில் நனைந்த பருத்தி இழை, கரைந்த சாயம் ஆகிய இரண்டுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கும் அவற்றை நெருங்க வைப்பதற்காகவே சாய நீரில் உப்பு கொட்டப்படுகிறது. சாயம் இழையை நெருங்கிய பிறகு, சோடா ஆஷ் என்ற சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து நீரின் காரத்தன்மையை உயர்த்தினால் பிணைப்பு நிகழ்கிறது. அதே கார நீரில் சாயத்தின் ஒரு பகுதி இழையுடன் சேராமல் தண்ணீருடனேயே வினைபுரிந்து பயனற்றுப் போகிறது. சாயத்தின் வகையையும் நிறத்தின் அடர்த்தியையும் பொறுத்து, ஐந்தில் ஒரு பங்கோ, சில வேளைகளில் மூன்றில் ஒரு பங்கோ இவ்வாறு வீணாகிக் கழிவுநீரில் சேர்கிறது. உப்போ இழையுடன் பிணைவதே இல்லை. போட்டது முழுவதும் அப்படியே வெளியே வருகிறது.

ஒரு சாய இயந்திரத்தின் ஒரு நடையைக் கணக்கிட்டுப் பார்த்தால் அளவு புரியும். சாஃப்ட் ஃப்ளோ என்று தொழிலில் அழைக்கப்படும் இயந்திரத்தில் 500 கிலோ துணியை ஏற்றி, கிலோவுக்கு 8 லிட்டர் வீதம் தண்ணீர் எடுத்தால், சாய நீர் மட்டும் 4,000 லிட்டர். நடுத்தரமான நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று கொண்டால், அந்த ஒரு நடைக்கே 240 கிலோ உப்பு கரைக்கப்படுகிறது. அதாவது ஒரு கிலோ துணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு. கறுப்பு, கடல் நீலம் போன்ற அடர்ந்த நிறங்களுக்கு இது இன்னும் கூடும். சாயம் ஏறியதும் அந்த உப்புநீர் வடிக்கப்பட்டு, பிறகு துணி குளிர்ந்த நீரிலும், அமிலம் கலந்த நீரிலும், சோப்பிட்ட கொதிநீரிலும், மீண்டும் குளிர்ந்த நீரிலுமாக அலசப்படுகிறது. முதலில் வடியும் சாய நீரிலும் அதையடுத்த முதல் அலசலிலும்தான் உப்பின் பெரும்பகுதி இருக்கும். அடுத்தடுத்த அலசல் நீரில் உப்பு குறைவு, ஆனால் அளவு மிக அதிகம். எல்லாம் ஒரே சாக்கடையில் கலந்துவிட்டால், லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் அளவில் கரைந்த திடப்பொருள் கொண்ட கழிவுநீர் கிடைக்கிறது. ‘டி.டி.எஸ்.’ என்று ஊரில் எல்லோரும் சொல்லும் அளவு இதுதான். ஆற்றில் விடப்படும் நீருக்குத் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட உச்சவரம்பு 2,100 மில்லிகிராம்.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறன்று. மழைக்காலத்து வெள்ளத்தை அணைக்கட்டுகளிலும் குளங்களிலும் தேக்கிப் பாசனம் செய்த பழைய ஏற்பாடு அதற்கு உண்டு. இப்படிப்பட்ட ஆற்றில், மழையில்லாத மாதங்களில், ஓடியதெல்லாம் கழிவுநீராகவே ஆனது. 1990-களின் இறுதியில் அமைக்கப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து சாயத்தைத் திரளச் செய்து படியவைக்கும் முறையையே கொண்டிருந்தன. அம்முறையில் நிறம் குறைந்தது. ஆனால் சேர்த்த வேதிப்பொருள்களால் கரைந்த உப்பு குறைவதற்குப் பதில் சற்றுக் கூடவே செய்தது. தெளிந்து வெளியேறிய நீரைப் பார்த்து அது சுத்தமானது என்று நம்பியது அந்தக் காலத்தின் பெரிய பிழை.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த அணை, இந்த உப்புநீரின் தேக்கமாக மாறியது. அணையில் நின்ற நீர் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊறியது. திறந்துவிட்டால் கரூர் வரையுள்ள ஆயக்கட்டு நிலங்களைத் தாக்கியது. பாசன நீரில் சோடியம் மிகும்போது பயிர் மட்டும் வாடுவதில்லை. களிமண் துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தைச் சோடியம் வெளியேற்றிவிட, மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு, நீர் உள்ளிறங்காத இறுகிய நிலமாகிவிடுகிறது. தங்கள் அணையைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நின்ற உழவர்கள் நீதிமன்றத்தை நாடியதும், நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கு இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் இடம்பெற்றதும் இந்தப் பின்னணியில்தான். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சாய ஆலைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியேற்றாத நிலையை அடைய வேண்டும் என்று கெடு விதித்து, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதமும் விதித்தது. கழிவுநீர் முழுவதையும் மீட்டு மீண்டும் பயன்படுத்தும் இந்த ஏற்பாடே ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று வழங்கப்படுகிறது. அதை எட்டுவதற்குச் சவ்வு இன்றியமையாதது.

சவ்வு செய்யும் வேலையை அறிய, சவ்வூடு பரவல் என்ற இயற்கை நிகழ்விலிருந்து தொடங்க வேண்டும். நீரை மட்டும் கடத்தும் சவ்வு ஒன்றின் ஒரு புறம் நல்ல நீரும் மறுபுறம் உப்புநீரும் இருந்தால், நல்ல நீர் தானாகவே உப்புநீரை நோக்கிப் பரவும். வேர்கள் மண்ணிலிருந்து நீரை ஈர்ப்பதில் இதற்குப் பங்குண்டு. உப்பேறிய நிலத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவதற்குக் காரணமும் இதுவே. உப்புநீர்ப் பக்கத்தில் போதிய அழுத்தத்தைச் செலுத்தினால் இந்த ஓட்டம் திசை மாறி, உப்புநீரிலிருந்து நல்ல நீர் மட்டும் சவ்வைக் கடந்து வெளிவரும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். வீடுகளிலும் கடைகளிலும் ‘ஆர்.ஓ.’ என்று பெயர் பெற்றிருப்பது. கொள்கை நெடுங்காலமாகத் தெரிந்திருந்தும், பயன்படும் வேகத்தில் நீரைக் கடத்தும் சவ்வு கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் சவ்வு அந்தத் தடையை உடைத்தது. சவ்வு முழுவதும் ஒரே தன்மையாக இல்லாமல், உப்பைத் தடுக்கும் மிக மெல்லிய அடர்ந்த தோல் ஒரு பக்கத்திலும், அதைத் தாங்கும் துளைகள் நிறைந்த தடித்த பகுதி மறுபக்கத்திலும் அமைந்ததே அதன் சிறப்பு.

இன்று பயன்படும் சவ்வுகளில் அந்தத் தோல் பாலிஅமைடால் ஆனது. அதன் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான், மைக்ரான் என்பதோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குக் கீழே பாலிசல்ஃபோன் அடுக்கும், அதற்கும் கீழே பாலியெஸ்டர் துணி அடுக்கும் இருக்கும். இத்தகைய தாள்களை இடையில் வலை வைத்து, சுருட்டிய பாயைப் போல ஒரு குழாயைச் சுற்றிச் சுற்றி அமைப்பதால், 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உள்ள ஒரே உருளைக்குள் சுமார் 37 சதுர மீட்டர் சவ்வு அடங்கிவிடுகிறது. கழிவுநீர் ஒரு முனையில் நுழைய, வலையின் இடைவெளிகள் வழியாகச் சவ்வின் மேல் ஓடும்போதே நல்ல நீர் பிரிந்து நடுக்குழாயில் சேர்ந்து வெளிவருகிறது. அடர்ந்த உப்புநீர் மறுமுனையில் தனியாக வெளியேறுகிறது. ‘ரிஜெக்ட்’ என்று ஆலைகளில் சொல்லப்படுவது இந்த அடர்ந்த நீர். சவ்வு எதையும் அழிப்பதில்லை, எதையும் வேறொன்றாக மாற்றுவதும் இல்லை. ஒரு நீரை இரண்டாகப் பிரிக்கிறது, அவ்வளவே. உள்ளே சென்ற உப்பு ஏறக்குறைய முழுவதும் அந்த ரிஜெக்டில் இருக்கிறது. சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு செய்தியை எவ்வளவு தூரம் ஏற்றுக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

சவ்வுகளில் தரவரிசை உண்டு. மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு முதல் சில மைக்ரான் வரையிலான துளைகள் கொண்டவை கலங்கலையும் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் தடுக்கும். அதைவிடப் பத்து மடங்கு நுண்ணிய துளைகள் கொண்ட அல்ட்ரா வடிகட்டல் சவ்வுகள், கூழ்மத் துகள்களையும் பெரிய மூலக்கூறுகளையும் நிறுத்தும். நானோ வடிகட்டல் சவ்வு இன்னும் நெருக்கமானது. சாய மூலக்கூறு போன்றவற்றைத் தடுத்துவிட்டுச் சில உப்புகளை மட்டும் விடும். கடைசியாக நிற்கும் ஆர்.ஓ. சவ்வு நீரைத் தவிர மற்றெல்லாவற்றையும் ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கும்.

கழிவுநீரை நேரே ஆர்.ஓ. உருளைக்குள் அனுப்பினால் சில நாட்களிலேயே சவ்வு அடைபட்டுவிடும். பஞ்சு நார், ஸ்டார்ச், எண்ணெய், சோப்பு, சாயம், கடினத்தன்மை தரும் கால்சியம், சிலிக்கா ஆகிய எல்லாம் அதில் இருக்கின்றன. அதனால் சவ்வுக்கு முந்தைய ஏற்பாடுகள், சவ்வு நிற்கும் இடத்தைவிடப் பல மடங்கு பெரிய நிலத்தை அடைத்துக்கொள்கின்றன. ஒரு பட்டறையிலிருந்து காலையில் கொதிக்கும் கார நீரும் மாலையில் அமில நீரும் வரக்கூடும் என்பதால், ஒரு நாள் வரத்து முழுவதையும் தாங்கும் சமன்படுத்தும் தொட்டியில் எல்லாவற்றையும் கலந்து காற்றூட்டி ஆறவைக்கிறார்கள். அடுத்து நுண்ணுயிர்த் தொட்டி. அங்கே காற்று ஊதி வளர்க்கப்படும் பாக்டீரியாக்கள் கரிமப் பொருள்களைத் தின்று தீர்க்கின்றன. ஆனால் வினைச்சாயங்களில் பெருவாரியானவை இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்த அசோ வகையைச் சேர்ந்தவை. காற்றுள்ள சூழலில் பாக்டீரியாக்களால் அவற்றை எளிதில் உடைக்க முடியாது. ஆகவே எஞ்சும் நிறத்தைக் குளோரின் அல்லது ஓசோன் கொண்டு போக்க வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு முரண் எழுகிறது. நிறத்தை அழிக்கும் அதே குளோரின், பாலிஅமைடு சவ்வின் தோலையும் அரித்துவிடும். எனவே சேர்த்த குளோரினில் எச்சம் இல்லாதபடி சோடியம் பைசல்ஃபைட்டால் நீக்கிய பிறகே நீரை ஆர்.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். மணல் வடிகட்டி, அல்ட்ரா வடிகட்டல், கடினநீரை மென்னீராக்கும் ரெசின் தொட்டி ஆகியவற்றையும் கடந்துதான் நீர் கடைசிச் சவ்வை அடைகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சவ்வின் மேல் ஏதேனும் படிந்துகொண்டேதான் இருக்கும். படிவு கூடக்கூட அதே அழுத்தத்தில் வரும் நல்ல நீரின் அளவு குறைகிறது, அல்லது அதே அளவு நீருக்கு மின்சாரம் அதிகமாகச் செலவாகிறது. கால்சியப் படிவுக்கு அமிலமும், கரிமப் படிவுக்கும் நுண்ணுயிர்ப் பாசிக்கும் காரமும் கொண்டு சவ்வை அவ்வப்போது கழுவுகிறார்கள். ஒவ்வொரு கழுவலும் சவ்வின் ஆயுளைச் சிறிது குறைக்கிறது. முன் சுத்திகரிப்பில் காட்டும் அக்கறையே சவ்வின் ஆயுள் என்பது இத்துறையில் வேலை செய்யும் எவரும் அறிந்தது. செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வரும்போது முதலில் கைவிடப்படுவதும் அந்த அக்கறைதான்.

இனி எஞ்சும் உப்பின் கணக்குக்கு வரலாம். லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் உப்புள்ள 1,000 லிட்டர் கழிவுநீரில் இருப்பது 6 கிலோ உப்பு. அதில் 900 லிட்டரை ஆர்.ஓ. மூலம் நல்ல நீராக மீட்டுவிட்டால், மீதமுள்ள 100 லிட்டரில் அந்த 6 கிலோவும் நெருக்கிக்கொண்டு நிற்கும். அதன் செறிவு லிட்டருக்கு 60,000 மில்லிகிராமாகி, கடல்நீரின் 35,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். செறிவு ஏறுந்தோறும் இயற்கையான சவ்வூடு பரவல் அழுத்தமும் ஏறுகிறது. கடல்நீருக்கே அது வளிமண்டல அழுத்தத்தைப் போல 27 மடங்கு அளவில் இருக்கிறது. ரிஜெக்டில் சாதாரண உப்பே மிகுந்திருந்தால் 45 மடங்கைத் தாண்டும். அந்த எதிர்ப்பை வென்ற பிறகே ஒரு துளி நல்ல நீராவது வெளிவரும். ஆகவே ஒரே மூச்சில் இதைச் செய்யாமல், முதல் கட்டத்தின் ரிஜெக்டை இரண்டாம் கட்டத்துக்கும், அதன் ரிஜெக்டை அதைவிட உயர்ந்த அழுத்தமுள்ள அடுத்த கட்டத்துக்குமாகப் படிப்படியாகச் செலுத்தி 85 முதல் 90 சதவீதத்துக்கு மேலும் நீரை மீட்கிறார்கள். அதற்குப் பின் சவ்வுக்கு வேலை இல்லை. கடைசிப் பத்தில் ஒரு பங்கை ஆவியாக்கித்தான் தீர வேண்டும்.

அந்தப் பத்தில் ஒரு பங்குதான் 2006-க்கும் 2011-க்கும் இடையில் திருப்பூரைத் தடுமாற வைத்தது. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் பெரும் கடனும் மானியமும் பெற்று ஆர்.ஓ. சவ்வுகள் நிறுவப்பட்டன, நல்ல நீரும் மீட்கப்பட்டது. ஆனால் ரிஜெக்டைக் கையாளும் ஆவியாக்கிகள் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. ஓட்டினால் எரிபொருள் செலவும், ஓட்டாவிட்டால் தொட்டிகளில் தேங்கும் உப்புநீரும் சேர்ந்து நெருக்கின. நல்ல நீரைப் பிரித்தெடுத்துவிட்டு ரிஜெக்டை ஆற்றில் விட்டால், பழைய உப்பே இன்னும் செறிந்த வடிவில் ஆற்றைச் சேர்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு கொடுத்தது. அதுவும் கடந்தபின், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. சாயமேற்றும் வேலை வேறு ஊர்களுக்குப் போயிற்று, அவற்றில் சில எந்தச் சுத்திகரிப்பும் இல்லாத இடங்கள். அதைத் தொடர்ந்து பின்னலாடைத் தொழிலிலும் பலர் வேலை இழந்தார்கள். உத்தரவு கடுமையானது என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. ஆனால் பதினைந்து ஆண்டுகளாகக் கிணற்று நீரை இழந்து நின்றவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், அது காலம் தாழ்ந்து வந்த உத்தரவு.

மீட்சிக்கு வழி காட்டியது அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம். தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் துணையுடன் அங்கே சோதித்துக் காட்டப்பட்ட முறையின் சாரம், கேள்வியையே மாற்றிக் கேட்டதில் இருக்கிறது. உப்புநீரை எப்படித் தொலைப்பது என்று கேட்பதை விட்டு, உப்பை விலைக்கு வாங்கித் தண்ணீரில் கரைத்துச் சாயமேற்றும் பட்டறைக்கே அந்த உப்புநீரைத் திருப்பி அனுப்ப முடியாதா என்று கேட்டார்கள். ரிஜெக்டிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டால், எஞ்சுவது அடுத்த நடைக்குத் தேவைப்படும் உப்புக் கரைசலே. அதை முழுவதும் ஆவியாக்க வேண்டிய கட்டாயம் அதனால் குறைந்தது. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. மற்ற நிலையங்களும் தம் ஏற்பாடுகளைத் திருத்திக்கொண்டு படிப்படியாக இயங்கத் தொடங்கின. இன்று திருப்பூரில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், அவற்றில் சேராமல் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் ஆலைகளும் இருக்கின்றன.

உப்புநீரை மீட்பதில் எந்த உப்பைச் சாயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது தீர்மானமான இடத்தைப் பெறுகிறது. சாயத்தொட்டியில் சாதாரண உப்பையும் போடலாம், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்ஃபேட்டையும் போடலாம். நானோ வடிகட்டல் சவ்வின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. ஒற்றை மின்னேற்றமுள்ள குளோரைடு அயனியை அது பெரும்பாலும் கடந்து போக விடும், இரட்டை மின்னேற்றமுள்ள சல்ஃபேட்டையோ நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தடுத்துவிடும். சாய மூலக்கூறோ உருவத்தாலேயே தடைபடும்: சாதாரண உப்பின் மூலக்கூற்று எடை 58.5 என்றால், கறுப்புக்குப் பரவலாகப் பயன்படும் ரியாக்டிவ் பிளாக் 5 என்ற சாயத்தின் எடை 990-ஐத் தாண்டுகிறது. ஆகவே சாதாரண உப்புள்ள சாய நீரை நானோ சவ்வில் விட்டால் நிறம் ஒரு பக்கம் நிற்க, உப்புநீர் மறுபக்கம் தெளிந்து வருகிறது. சல்ஃபேட் உள்ள நீரில் அதே சவ்வு, சல்ஃபேட்டைச் செறிவாக்கிச் சேர்த்துத் தருகிறது.

சல்ஃபேட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதன் கரைதிறன் வெப்பநிலையோடு மிகக் கூர்மையாக மாறுகிறது. 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 50 கிராம் கரையும் சோடியம் சல்ஃபேட், 10 பாகையில் சுமார் 9 கிராம்தான் கரைகிறது. சாதாரண உப்பின் கரைதிறன் அவ்வாறு மாறுவதில்லை. செறிவான கரைசலைக் குளிர்வித்தாலே கிளாபர் உப்பு பளிங்குகளாகப் பிரிந்து, குளோரைடும் மற்ற மாசுகளும் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. சுழற்றிப் பிழிந்தெடுத்த அந்தப் பளிங்கு மறுபடி சாயப்பட்டறைக்குப் போகிறது.

சல்ஃபேட்டின் பாதகத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காற்றுப்படாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும். அழுகிய முட்டை நாற்றத்துடன் தொடங்கி, செறிவு கூடும்போது மூக்கு அந்த நாற்றத்தையே உணராதபடி செய்துவிட்டுச் சில மூச்சுகளில் ஆளை வீழ்த்தும் வாயு அது. சாய ஆலைத் தொட்டிகளுக்குள் இறங்கிய தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி இறந்த கொடுமை திருப்பூர் வட்டாரத்தில் நடந்திருக்கிறது. தொட்டிக்குள் மனிதரை இறக்காமல் சேற்றை அகற்றும் ஏற்பாடு இல்லாத எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும், அதன் சவ்வு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், முறையான நிலையம் என்று ஏற்க முடியாது.

ஆவியாக்குவதற்குச் செலவாகும் ஆற்றலைப் பார்த்தால், சவ்வின் அருமையும் அதன் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன. கழிவுநீரிலிருந்து 1,000 லிட்டர் நல்ல நீரைப் பிரிக்க ஆர்.ஓ.வுக்குச் சில யூனிட் மின்சாரம் போதும். அதே 1,000 லிட்டரை நேரடியாகக் கொதிக்கவைத்து ஆவியாக்க 630 யூனிட்டுக்கு இணையான வெப்பம் வேண்டும். ஒரு கலத்தில் எழுந்த ஆவியைக் கொண்டே குறைந்த அழுத்தமுள்ள அடுத்த கலத்தைச் சூடேற்றும் பல்லடுக்கு ஆவியாக்கிகளும், எழுந்த ஆவியை அமுக்கி மீண்டும் வெப்பமூட்டப் பயன்படுத்தும் இயந்திரங்களும் இந்தச் செலவைப் பல மடங்கு குறைக்கின்றன. ஆயினும் கொதிகலனுக்கு விறகு எரித்தே ஆக வேண்டியிருக்கிறது. நீரைக் காப்பாற்றுவதற்காக விறகும் புகையும் செலவாகும் இந்த நிலையை விலக்கத்தக்க குறையாகக் கருதாமல், ஏற்கத்தக்க விலையாக மட்டுமே கருதுவது சரியன்று. சாய நீரையும் அலசல் நீரையும் பட்டறையிலேயே தனித்தனிக் குழாய்களில் பிரித்து அனுப்பினால், உப்பு மிகுந்த சிறிய அளவு நீரை மட்டும் தனியே கையாளலாம். இரட்டைக் குழாய் பதிக்கும் செலவுக்கு அஞ்சி இதைத் தவிர்ப்பது, ஒவ்வொரு நாளும் விறகாகத் திருப்பிச் செலுத்தப்படுகிறது.

மீட்கப்பட்ட நீரின் தரம் பட்டறைகளுக்குப் பெரும் ஆதாயம். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கிச் சாயமேற்றிய ஊர் திருப்பூர். பின்னர் தொழிலுக்கும் ஊருக்குமாக நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் குழாய்த் திட்டமும் அமைக்கப்பட்டது. ஆர்.ஓ.வில் வரும் நீர் கடினத்தன்மை அற்றது. கால்சியமும் மக்னீசியமும் உள்ள நீரில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், நிறம் நடைக்கு நடை மாறும். மென்னீரில் அந்தத் தொல்லை இல்லை. கழிவில் பெரும்பகுதி திரும்பி வருவதால், ஆவியாகியும் துணியில் தங்கியும் குறைவதை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டும் புதுத் தண்ணீர் வாங்கினால் போதுமானதாகிறது.

முழுமையாகத் தீராமல் நிற்பது கலப்பு உப்பு. கடைசிக் கரைசலை வற்றவைத்தபின் குளோரைடு, சல்ஃபேட், பைகார்பனேட், சிலிக்கா, எஞ்சிய கரிமப் பொருள் எல்லாம் கலந்து கிடைக்கும் பழுப்பு நிறத் தூளைச் சாயத்துக்கும் பயன்படுத்த முடியாது, வேறு தொழிலுக்கும் எளிதில் விற்க முடியாது. அது மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டு, மழை படாத கொட்டகைகளில் அடுக்கி வைக்கப்படுகிறது. கொட்டகையின் கூரை ஒழுகினால், இவ்வளவு சவ்வும் விறகும் உழைப்பும் கொண்டு நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு ஒரே மழையில் மண்ணுக்குத் திரும்பிவிடும். நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்புக்கும் இந்தச் சவ்வுகளால் ஒன்றும் செய்ய இயலாது. ஆண்டாண்டாகப் பெய்யும் நல்ல மழை அதைச் சிறிது சிறிதாகக் கரைத்து நீர்க்கச் செய்ய வேண்டும், அதுவும் புதிதாக உப்பு சேராமல் இருந்தால்தான்.

ஆகவே இப்போது கவனம் சாய இயந்திரத்துக்கே திரும்புகிறது. இழையுடன் பிணையும் முனைகள் இரண்டு கொண்ட சாயங்களில் வீணாகும் பங்கு குறைவு. அவற்றில் சில, உப்பையும் குறைவாகவே கேட்கின்றன. பருத்தி இழைக்கு முன்கூட்டியே நேர்மின்னேற்றம் ஊட்டிவிட்டால் சாயம் தானாகவே ஈர்க்கப்படும் என்பதால், உப்பே இல்லாமல் சாயமேற்றும் முறையும் ஆராயப்பட்டு ஓரளவு நடைமுறைக்கும் வந்திருக்கிறது; நிறம் எங்கும் ஒரே சீராகப் பிடிக்கச் செய்வதும், முன்பதமூட்டும் செலவும் அதன் இடர்ப்பாடுகள். முன்பு கிலோ துணிக்கு 20 லிட்டர் எடுத்துக்கொண்ட வின்ச் இயந்திரங்களின் இடத்தில் 6 முதல் 8 லிட்டரில் வேலையை முடிக்கும் இயந்திரங்கள் வந்ததும் இதே திசையில் நிகழ்ந்த முன்னேற்றம். லிட்டருக்கு 60 கிராம் உப்புக்குப் பதில் 30 கிராம் போதும் என்றானால், முன்பு கண்ட 500 கிலோ துணியின் ஒரு நடையில் 120 கிலோ உப்பு கொள்முதலில் மிச்சமாவதோடு, சுத்திகரிப்பு நிலையத்தில் அதே 120 கிலோவைச் சவ்வூடு பரவல் அழுத்தத்துக்கு எதிராக நெருக்கி, விறகு எரித்து உலர்த்தி, மூட்டையாகக் கட்டிக் காவல் காக்க வேண்டிய வேலையும் இல்லாமற்போகும்.